நாலு வாரத்தில் பதில்: கிழக்கு ஜெர்மனியில் மனு எழுதியவர்கள்

கிழக்கு ஜெர்மனி என்றாலே பெர்லின் சுவர், ஸ்டாசி உளவுத்துறை என்றுதான் பேச்சு தொடங்கும். இரண்டும் இருந்தன, இரண்டும் கொடியவை. 1989இல் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் மட்டுமே சுமார் 91,000 பேர். நாட்டின் மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். ஆனாலும் அங்கே ஓர் ஆலைத் தொழிலாளியோ செவிலியரோ அரசோடு எப்படிப் பழகினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், உளவுக் கோப்புகளை விட்டுவிட்டு வேறொரு காகிதக் கட்டைப் பிரிக்க வேண்டும். அவர்கள் மொழியில் அதன் பெயர் ஐன்காபெ. நம் மொழியில் மனு.

குளியலறை இல்லாத வீடு, பத்து வருடம் காத்தும் வராத ட்ராபான்ட் கார், கடையில் கிடைக்காத உதிரிபாகம், மேற்கே இருக்கும் உறவினரைப் பார்க்கப் பயண அனுமதி என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதினார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நாற்பது ஆண்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒரு மனுகூட எழுதாத குடும்பம் அபூர்வமாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனை மனு எதற்கு? வேறு வாசல் இல்லை. 1952இல் நிர்வாக நீதிமன்றங்களை எடுத்துவிட்டார்கள். வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகம் தவறாக முடிவெடுத்தால் அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் மனு முறை: 1953இல் ஓர் ஆணை, 1961இல் இன்னொன்று, பிறகு 1975 ஜூன் 19 தேதியிட்ட தனிச் சட்டம். 1968 அரசியல் சட்டத்தின் 103ஆம் பிரிவு, எந்தக் குடிமகனும் எந்த அரசு அமைப்புக்கும் மனு செய்யலாம், அதனால் அவருக்குப் பாதகம் எதுவும் வரக்கூடாது என்றது. வக்கீல் தேவையில்லை. வாயால் சொன்னாலும் மனுதான். கிடைத்த நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல சட்டம். அதில் உள்ள ஓட்டை என்னவென்றால், பதில் வருவதுதான் உறுதி. கேட்டது கிடைப்பது உறுதியில்லை. என்ன விதியின்படி மறுத்தீர்கள் என்று மூன்றாவது ஆள் ஒருவர் முன்னால் நிறுத்திக் கேட்க வழியே இல்லை. ஆராய்ச்சி மணியை அடிக்கலாம். வெளியே வந்து கேட்பதும், தீர்ப்புச் சொல்வதும், குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே ஆள்.

மனுக்களில் அதிகம் வந்தது வீட்டுப் பிரச்சினை. பழைய கட்டடங்களில் ஒரே அறையில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். பழுப்பு நிலக்கரிக் கட்டி போட்டு எரிக்கும் அடுப்பு. மாடிப்படித் திருப்பத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. வாடகை மிகக் குறைவு, சதுர மீட்டருக்கு ஒரு மார்க் அளவுதான். அந்த வாடகையில் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் மிஞ்சாது. அதனால் நகர மையத்து வீடுகள் ஒழுகி ஒழுகி இடிந்தன. ஊருக்கு வெளியே கான்கிரீட் பலகைகளை அடுக்கிய புதுக் குடியிருப்புகள் எழுந்தன. வெந்நீரும் மையச் சூடேற்றமும் உள்ள அந்த வீட்டுக்குத்தான் எல்லோரும் ஏங்கினார்கள். 1973இல் தொடங்கிய வீட்டுத் திட்டத்தில், 1990க்குள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மனு எழுதுபவர் கையில் அதுதான் நெம்புகோல்.

தேர்ந்த மனுவுக்கு ஒரு கட்டுமானம் இருந்தது. முதல் பத்தியில் தன்னை நிறுத்திக்காட்ட வேண்டும்: என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை ஷிப்ட், வாங்கிய பதக்கம், குழந்தைகள் எத்தனை. இது தற்பெருமை இல்லை. இந்த அரசு தொழிலாளர் அரசு, நான் தொழிலாளி, ஆகவே நீங்கள் எனக்குக் கடன்பட்டவர்கள் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. இரண்டாவதாக, கட்சி மாநாட்டிலோ செய்தித்தாளிலோ வந்த வாக்குறுதியை அப்படியே எடுத்து எழுத வேண்டும். மூன்றாவது பத்தியில்தான் பிரச்சினை, அதுவும் அளந்து: அறை எத்தனை சதுர மீட்டர், பூஞ்சை எந்தச் சுவரில் எவ்வளவு உயரம், குழந்தைக்கு எத்தனை முறை மூச்சிரைப்பு. டாக்டர் சான்று இணைத்தால் பலம். ‘ரொம்பக் கஷ்டம்’ என்று மட்டும் எழுதிய மனு, ரொம்பக் கஷ்டத்தில் இருந்த ஆயிரம் மனுவோடு சேர்ந்துவிடும். கடைசியில், ‘உரிய காலத்தில் தீர்வு இல்லாவிட்டால் அரசு கவுன்சிலுக்கு எழுத நேரிடும்’ என்று ஒரு வரி. அரசு கவுன்சில் என்பது நாட்டின் தலைமை அமைப்பு. ஏற்கெனவே அரசு கவுன்சிலுக்குத்தான் எழுதுகிறார் என்றால் தொலைக்காட்சியின் ‘ப்ரிஸ்மா’ நிகழ்ச்சி. நுகர்வோர் புகார்களை எடுத்துப் பேசிய நிகழ்ச்சி அது. பிறகு, ‘சோஷலிச வணக்கத்துடன்’ என்று கையெழுத்து. அந்த முடிப்பு வரியை விட்டுவிட்டு வெறும் ‘வணக்கம்’ போட்டால், படிப்பவருக்கு அது புரியும்.

எங்கே அனுப்புவது என்பதிலும் கணக்கு உண்டு. பெர்லினில் அரசு கவுன்சிலுக்கு எழுதினால் அங்கே உட்கார்ந்து யாரும் வீடு ஒதுக்கப் போவதில்லை. கடிதம் மாவட்டத்துக்குப் போகும், அங்கிருந்து வட்டத்துக்கு, கடைசியில் பெரும்பாலும் முதலில் ‘இல்லை’ என்று சொன்ன அதே அதிகாரியின் மேஜைக்கே திரும்பி வரும். வித்தியாசம் ஒன்றுதான்: இப்போது அதன்மேல் பெர்லின் முத்திரை இருக்கும், என்ன செய்தாய் என்று மேலே எழுதி அனுப்பும் கடமையும் இருக்கும். அந்தப் பயத்துக்காகத்தான் உள்ளூர் ஆளைத் தாண்டி எழுதினார்கள். முதல் மனுவே நேராகத் தலைவருக்கு என்றால், ‘உள்ளூரில் கேட்டீர்களா’ என்று நாலு வாரம் வீணாகும். உள்ளூர் மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவதே சரியான வரிசை.

நேரமும் முக்கியம். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் மனுவுக்கு விலை கூடும். போட்டியே இல்லாத நாட்டில் தேர்தலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கத் தோன்றும். அங்கே வாக்களிப்பதை மக்கள் ‘தாள் மடிப்பது’ என்றே சொன்னார்கள். உள்ளே போய் அடையாள அட்டை காட்டி, ஆளும் கட்சி தலைமையிலான தேசிய முன்னணியின் ஒரே பட்டியல் அச்சிட்ட தாளை வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். பேனாவே தேவையில்லை. எதிர்க்க வேண்டுமானால் எல்லாப் பெயரையும் அடித்தாக வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் அடித்தால் அது ஆதரவு வாக்குதான். ரகசியமாக வாக்களிக்க மறைப்பு ஒன்று அறையின் கோடியில் இருக்கும். அதை நோக்கி நடப்பவரை மேஜையில் இருப்பவர்கள் கவனித்துக்கொள்வார்கள். மதியத்துக்குள் வராதவர்கள் வீட்டுக்குப் பெட்டியே போகும். கிட்டத்தட்ட 99 சதவீதம் என்ற எண்ணை மேலே காட்டியாக வேண்டிய உள்ளூர் அதிகாரிக்கு, ‘இந்த வீட்டில் இருந்துகொண்டு மே மாதம் நான் வாக்களிக்கப் போவதில்லை’ என்று எழுதிய நான்கு பேர் குடும்பம் ஒரு தலைவலி. இப்படி எழுதி வீடு வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் கலகக்காரர்கள் இல்லை, அடிமைகளும் இல்லை. அரசுக்குத் தன்னிடமிருந்து என்ன வேண்டும் என்று தெரிந்து, அதற்கு விலை சொன்னவர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. மனுவால் வீடுகளின் எண்ணிக்கை கூடவில்லை. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் மேலே ஏறினால், எழுதத் தெரியாத ஒருவர் கீழே இறங்கினார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது; வரிசைப் பட்டியல் வெளியே வருவதில்லை. தெரிந்தால் அவரும் மனு எழுதுவார், இன்னொருவர் இறங்குவார். பக்கத்து வீட்டுக்காரன்தான் போட்டியாளன் என்று ஆக்கிவிட்டால், அரசைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசும் நேரம் குறைந்துவிடும். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்பதைவிட, இப்படித்தான் அது வேலை செய்தது என்பதே முக்கியம்.

மனு எழுதிக் களைத்தவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். பெர்லினின் ப்ரென்ஸ்லாவர் பெர்க் போன்ற பகுதிகளில் ஒதுக்கப்படாமல் பூட்டிக் கிடந்த பழைய வீடுகள் நிறைய. ஜன்னலில் திரை இல்லையா, கண்ணாடி துடைக்கப்படவில்லையா என்று பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, பூட்டை மாற்றி, உள்ளே குடியேறிவிடுவார்கள். அடுத்த நாளே செய்ய வேண்டிய வேலை, அந்த வீட்டின் வாடகை எவ்வளவு என்று கேட்டறிந்து வீட்டு நிர்வாகத்தின் கணக்குக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பத் தொடங்குவது. மூன்று மாத வாடகை போய்ச் சேர்ந்துவிட்டால் வெளியேற்றுவது கடினம் என்பது இளைஞர்களிடையே இருந்த நம்பிக்கை. அபராதம் வரும், சில நேரம் அபராதத்தோடு ஒப்பந்தமும் வரும். சட்டத்தை மீறிக்கொண்டே வாடகையைத் தேதி தவறாமல் கட்டுவது! அந்த நாட்டில் அரசோடு வாழ்வது எப்படி என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் எனக்குத் தெரியவில்லை.

மனுக்கள் அரசை அசைத்ததும் உண்டு. 1975இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருக, உலகச் சந்தையில் காப்பி விலை பல மடங்கு ஏறியது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாத கிழக்கு ஜெர்மனி 1977இல் ‘காப்பி மிக்ஸ்’ என்று ஒன்றைக் கடைக்கு அனுப்பியது: 51 சதவீதம் காப்பி, மீதிக்கு ரை என்ற தானியம், பட்டாணி மாவு போன்றவை. ருசி போகட்டும், பட்டாணி மாவு சூட்டில் பசையாகிக் காப்பி இயந்திரங்களையே அடைத்துக்கொண்டது. அலுவலகம் அலுவலகமாக மனு குவிந்தது. அடுத்த ஆண்டு உலக விலையும் இறங்க, கலவையைக் கைவிட்டார்கள். பின்னர் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டு அங்கே காப்பித் தோட்டம் வளர்க்கக் கருவியும் பணமும் கொடுத்தார்கள். தோட்டம் முழுதாகக் காய்க்கும் முன் நாடே இல்லாமல் போயிற்று.

காப்பிக்கு எழுதிய அத்தனை பேரும் தனித்தனியாக எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோடு அங்கேதான் இருந்தது. எவ்வளவு கடுமையாக எழுதினாலும் ஒரு மனுவில் ஒரு குடும்பத்தின் கையெழுத்து இருக்கும்வரை அது புகார். பல குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது அமைப்பு. அமைப்பு என்றால் எதிரி.

1975 ஆகஸ்டில் ஆளும் கட்சித் தலைவர் ஹோனெக்கர் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மனித உரிமைகளையும் உள்ளடக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் வாசகம் கட்சிப் பத்திரிகையிலேயே வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு, நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பிக்க ஆரம்பித்தார்கள் மக்கள். அப்படி வெளியேறுவதற்கென்று சட்டமே இல்லாததால், எழுதியவருக்கு வேலை போகும், பிள்ளைக்கு மேற்படிப்பு போகும். 1976 ஜூலையில் சாக்சனி பகுதியின் ரீசா நகரில் கார்ல்-ஹைன்ஸ் நிட்ஷ்கே என்ற மருத்துவர், மனித உரிமை கோரி ஒரே மனுவை எழுதி 33 பேர் கையெழுத்தோடு அனுப்பினார். கேட்டது ஹெல்சிங்கியில் ஒப்புக்கொண்டதைத்தான். அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப எழுதுபவர்களுக்கு என்று குற்றவியல் சட்டத்தில் 214ஆம் பிரிவு காத்திருந்தது: அரசுப் பணிக்கு இடையூறு. 103ஆம் பிரிவு தந்த வாக்கும் 214ஆம் பிரிவும் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருந்தன.

1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் இந்தக் கோடு தேய ஆரம்பித்தது. வாக்கு எண்ணிக்கை பொதுமக்கள் முன் நடக்க வேண்டும் என்று தேர்தல் சட்டத்திலேயே இருந்தது. அதுவரை அப்படிப் போய் நின்றவர்கள் அபூர்வம். பெர்லினின் வைசன்சே போன்ற பகுதிகளில் தேவாலயக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் வாக்குச்சாவடிக்கு ஒருவராகப் பிரிந்துபோய் நின்று, அறிவிக்கப்பட்ட எண்களைக் குறித்துக்கொண்டு, இரவில் கூட்டிப் பார்த்தார்கள். வைசன்சேயில் அவர்கள் எண்ணிய எதிர்ப்பு வாக்குகள், அரசு வெளியிட்டதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுவதற்கும் அரசு சொன்ன ஆதரவு 98.85 சதவீதம். என்ன செய்தார்கள்? மனு எழுதினார்கள். பழக்கப்பட்ட அதே கருவி. கூடவே மோசடி என்று குற்றப் புகாரும் கொடுத்தார்கள். ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் கூடினார்கள்.

செப்டம்பரில் பெர்லினுக்கு அருகே க்ரூன்ஹைடெயில் ஒரு வீட்டில் 30 பேர் கூடிப் ‘புதிய மன்றம்’ என்ற அமைப்பின் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டி, முறையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார்கள். அரசுக்கு விரோதமானது என்று மறுத்தது உள்துறை. அறிக்கையோ கைக்குக் கை, வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. நகல் எடுக்கும் இயந்திரம் எளிதில் கிடைக்காத நாட்டில், தட்டச்சில் கார்பன் தாள் வைத்து அடித்துக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் சுமார் 2 லட்சம் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அந்த அறிக்கையின் அடியில் முதல் 30 பேரின் பெயர், தொழில், ஊர் வரிசையாக இருக்கும். பேர்பெல் போலாய், ஓவியர், பெர்லின். யென்ஸ் ரைஷ், மூலக்கூறு உயிரியலாளர், பெர்லின். மனுவின் முதல் பத்தியில் எழுதிவந்த அதே விவரங்கள்தான். இந்த முறை அவை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே தாளில் இருந்தன.