பைதன் புத்தகம் வாங்கப் போறீங்களோ?

பைதன் எண்டது கணினிக்கு நிரல் எழுதுற மொழி. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ கடையில பைதன் புத்தகம் எடுத்தால் அட்டையைப் பார்க்காதேங்கோ, முதல் உதாரணத்தைப் பாருங்கோ. 'பிரிண்ட்' (print, திரையில காட்டச் சொல்லுறது) எண்ட சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லையோ? அது பழைய பதிப்பு, பைதன் 2. வாங்காமல் அப்பிடியே வைச்சிடுங்கோ. அதுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஓட நிண்டுபோச்சு.

பழைய புத்தகத்து நிரலைப் பைதன் 3இல ஓட்டினால், பிரிண்ட் பிழையைக் கணினியே சொல்லும். வகுத்தல்தான் கள்ளன். 5/2 எண்டு போட்டால் பைதன் 2இல விடை 2, பைதன் 3இல 2.5. பிழைச்செய்தி ஒண்டும் வராது. உயர்தரத்தில ஐ.சி.ரி. (தகவல் தொழினுட்பப் பாடம்) படிக்கிற பிள்ளை புத்தகத்து விடையோட ஒத்துப்பார்த்துத் தலையைப் பிய்ச்சுக்கொள்ளும்.

போட்டோக் கொப்பி எண்டால் இன்னும் கவனம். பைதனில வரியின்ர உள்தள்ளல்தான் (வரித் துவக்கத்தில விடுற வெளி) இலக்கணம், ஒரு மட்டத்துக்கு 4 இடைவெளி வழக்கம். ஓரம் வெட்டுப்பட்டாலோ, நிரல் நடுவில பக்கம் மாறினாலோ எந்த வரி லூப்புக்குள்ள (திரும்பத் திரும்ப ஓடுற பகுதி), எது வெளியில எண்டு தெரியாது. பிடிஎஃப்பில இருந்து பிரதி எடுத்தால் வளைஞ்ச மேற்கோள்குறி வந்து நிரல் ஓடாது. கையால தட்டுங்கோ.

பிறகு ஃபங்ஷன் (பேர் வைச்சுத் திரும்பப் பாவிக்கிற நிரல் துண்டு) அத்தியாயத்தைப் புரட்டுங்கோ. 'ரிட்டர்ன்' (return, விடையைத் திருப்பிக் குடுக்கிறது) வேற, 'பிரிண்ட்' வேற எண்டு தனியா விளக்கியிருக்கோணும். இல்லாத புத்தகத்துக்கு நான் காசு குடுக்கமாட்டன். பயிற்சிகளில பாதிக்காவது விடை இருக்கோணும்.

தமிழ்ப் புத்தகம் நல்லதுதான், ஆனால் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில ஆங்கிலச் சொல்லும் வேணும். பிழைச்செய்தி ஆங்கிலத்திலதானே வருது.

காசில்லையெண்டால் பைதன் தளத்திலயே பயிற்சி நூல் இலவசம். சிக்னல் இருக்கிற இடத்தில ஒருக்காத் தரவிறக்கினால் வீட்டில இணையம் இல்லாமலே வாசிக்கலாம்.