மூக்கிரட்டையா சாரணத்தியா?

மழை பெஞ்ச கையோட பக்கத்து காலி பிளாட் முழுக்க பச்சையாயிருச்சு, அதுல தரையோட படர்ந்து கெடந்த ஒரு செடிய எதிர்வீட்டு அக்கா மூக்கிரட்டைன்னு கூட்டுக்கு பறிக்க ஆரம்பிச்சிட்டாங்க, எங்கம்மா இல்லவே இல்ல இது சாரணத்தின்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சரின்னு போட்டோ எடுத்து செடி குரூப்ல போட்டேன்.

பதிலா கொட்டுது. ஒருத்தர் பருப்புக்கீரைங்கிறார். இன்னொருத்தர் கிட்னிக்கு ரொம்ப நல்லது, கஷாயம் வச்சு குடிங்கங்கிறார். என்ன செடின்னே முடிவாகல, அதுக்குள்ள கஷாயம்!

ஒரு ஐயா மட்டும் "மேல இருந்து எடுத்த எலை போதாதுப்பா, பூ எங்கேருந்து வருதுன்னு காட்டு"ன்னாரு. அதான் கேள்வி. ஏன்னா ரெண்டுமே படரும், ரெண்டுலயும் ஜோடி எலையில ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும். ஆனா மூக்கிரட்டைக்கு நூல் மாதிரி நீளக் காம்பு கிளை விட்டு அதோட நுனியில குட்டிக் குட்டியா ரோஸ் கலர் பூ, காய் கையில பிசுக்குனு ஒட்டும். சாரணத்திக்கு காம்பே கிடையாது, எலை தண்டுல சேர்ற எடத்துலயே பூ ஒளிஞ்சிருக்கும், தண்டு கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கும். போய் குனிஞ்சு பாத்தா எங்கம்மா சொன்னதுதான்.

அதனால கேக்குறவங்க எலையோட அடிப்பக்கம், கணு, பூ, காய் எல்லாத்தையும் எடுத்து எந்த ஊரு, என்ன மண்ணுன்னும் சேத்து போடுங்க. கீழாநெல்லிய எடுத்துக்கோங்க, எலைக்கு அடியில வரிசையா தொங்குற காயக் காட்டாம யாரு என்னத்த சொல்றது? வெறும் கெழங்க போட்டோ எடுத்து சாப்பிடலாமான்னு கேக்குறாங்க பாருங்க, அதப் பாத்தாதான் எனக்கு பகீர்ங்குது. செங்காந்தள் நம்ம மாநிலப் பூதான், ஆனா அதோட கெழங்குல கால்ச்சிசின்ங்கிற விஷம் இருக்கு, ஆளையே கொல்லும். தாராளமா சாப்பிடுங்கன்னு பதில் போடவும் நாலு பேர் இருக்காங்களே!

சரி, இப்ப என் கேள்வி. அதே பிளாட் வேலியில ஒரு கொடி, எலை அஞ்சு விரல் விரிச்ச மாதிரி, சுருள் கம்பி இருக்கு, காய் கோலிகுண்டு சைஸ்ல உருண்டையா பச்சை, மேல வெள்ளைக் கோடு. கோவைங்கிறாங்க, கோவைக்காய் நீளமால்ல இருக்கும்? எலை அடிப்பக்கம், பூ, காய் எல்லாம் கீழ போட்டிருக்கேன். பேரு மட்டும் சொல்லுங்க, கஷாயம் வேண்டாம்.