39 பவுண்டும் ஒரு பரிசுப் பார்சலும்

ஊரிலிருந்து பிரிட்டனுக்குப் பரிசுப் பொருள் அனுப்பினால் கஸ்டம்ஸில் பணம் பிடுங்குகிறார்கள் என்பது லண்டன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல். பாதிப் புலம்பல் நியாயம். மீதிப் பாதிக்குக் காரணம், அனுப்பியவர் தபால் நிலையத்தில் அவசரமாகக் கிறுக்கிய அந்தச் சின்னக் கஸ்டம்ஸ் படிவம். பார்சல் இங்கே வந்து சேர்ந்த பிறகு நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். செய்ய வேண்டியதெல்லாம் அங்கே, பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால்.

முதலில் எல்லைக்கோடுகள். பரிசின் மதிப்பு 39 பவுண்டு அல்லது அதற்குக் கீழே என்றால் வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, கிடையாது. 135 பவுண்டு வரை சுங்க வரி கிடையாது. 135க்கு மேல் 630 வரை பரிசுகளுக்குச் சுங்க வரி 2.5 சதவீதம், அதைவிடக் குறைந்த விகிதம் உள்ள பொருளாக இருந்தால் அந்தக் குறைந்த விகிதம். 630க்கு மேலே போனால் பரிசு என்ற சலுகையெல்லாம் இல்லை, பொருள் என்ன, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் வரி.

இதில் பலரும் சறுக்கும் இடம் 39. அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் வாட் என்று நினைக்கிறார்கள். இல்லை, முழு மதிப்புக்கும் வாட். 38 பவுண்டுப் பரிசுக்கு ஒரு பைசா கிடையாது. 40 பவுண்டுப் பரிசுக்கு 20 சதவீதம் என்றால் 8 பவுண்டு வாட். அதை வசூலித்துத் தருவதற்கு பிரிட்டன் தபால் நிறுவனமான ராயல் மெயில் எடுக்கும் கையாளும் கட்டணம் இன்னொரு 8 பவுண்டு. குறைந்தது 16 ஆயிற்று. இரண்டு பவுண்டு கூடியதற்கு இந்தத் தண்டம். ரூபாயில் வாங்கிய பொருளைப் பவுண்டாக மாற்றுவது பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சி மாதந்தோறும் வெளியிடும் மாற்று விகிதத்தில், நம் கைபேசி காட்டும் விகிதத்தில் அல்ல. அதனால் 39ஐக் குறிவைக்காதீர்கள், 35க்குள் நிறுத்துங்கள்.

பெரிய பரிசுக்கு ஒரு கணக்கு. 400 பவுண்டு மதிப்புள்ள பட்டுப்புடவை ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறது, அனுப்பும் செலவு 40 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால் செலவையும் சேர்த்து 440க்கு 2.5 சதவீதம் சுங்க வரி, 11 பவுண்டு. வாட் போடுவது 440க்கு அல்ல, அந்த 11ஐயும் சேர்த்து 451க்கு: 90.20. ஆக 101.20, அதற்கு மேல் கையாளும் கட்டணம். வரிக்கும் வரியா என்று கோபப்படலாம், ஆனால் கணக்கு அப்படித்தான்.

எதைப் பரிசு என்று ஒத்துக்கொள்வார்கள்? ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு, பிறந்தநாள், கல்யாண நாள் போன்ற ஏதோ ஒன்றுக்காக, சொந்த உபயோகத்துக்கு அனுப்புவது. அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் பரிசுச் சலுகை வராது. இணையக் கடையில் அக்கா பணம் கட்டிக் கடைக்காரரையே நேரே லண்டனுக்கு அனுப்பச் சொல்லும் வழி அதனால்தான் சிக்கலில் முடிகிறது. அக்கா வாங்கி, தன் பெயரில் அனுப்பட்டும்.

இனி அந்தப் படிவம். சின்னப் பொட்டலத்துக்கு சிஎன்22, பார்சலுக்கு சிஎன்23. 'பரிசு' என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், போதாது. என்ன பொருள், எத்தனை, எடை எவ்வளவு, ஒவ்வொன்றின் மதிப்பு என்ன என்று வரி வரியாக எழுத வேண்டும். 'துணிமணி, 4000' என்று எழுதுவதைப்போல ஆபத்தானது வேறில்லை. நாலாயிரம் என்ன, ரூபாயா, டாலரா? நாணயத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். இந்திய ரூபாய்க்கு ஐஎன்ஆர் (INR) என்ற மூன்று ஆங்கில எழுத்து போதும். இலங்கையிலிருந்து என்றால் எல்கேஆர் (LKR). வெறுமனே ரூபாய் என்று எழுதினால் அது எந்த நாட்டு ரூபாய் என்ற குழப்பம் தனி.

ஒரே பெட்டியில் பலருக்குப் பரிசு இருந்தால் ஆளுக்கு ஆள் தனித்தனியாக 39 பவுண்டுச் சலுகை உண்டு. இது பலருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் பாதியில் கோட்டை விடுகிறார்கள். மூன்று நிபந்தனை: பரிசுகள் வெவ்வேறு ஆட்களுக்கு இருக்க வேண்டும், தனித்தனியாகப் பொதிந்திருக்க வேண்டும், படிவத்தில் ஒவ்வொன்றும் தன் மதிப்போடு தனி வரியில் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து தீபாவளிப் பெட்டி வருகிறது: மகளுக்குச் சுங்குடிச் சேலை 30 பவுண்டு, மருமகனுக்கு வேட்டி சட்டை 34, பேரனுக்கு விளையாட்டுச் சாமான் 20, பேத்திக்கு வளையல் செட் 15. மொத்தம் 99. நான்கு பொட்டலம், ஒவ்வொன்றின்மேலும் பெயர், படிவத்தில் நான்கு வரி என்று வந்தால் வாட் பூஜ்யம். அதே பொருள்களை ஒரே பையில் திணித்து 'தீபாவளிப் பரிசு, 99' என்று எழுதினால் சுமார் 20 பவுண்டு வாட், மேலே கையாளும் கட்டணம். செலவு நான்கு தாளும் கொஞ்சம் டேப்பும்தான். ஆனால் 120 பவுண்டு கிரைண்டரை நான்கு பேருக்குமான பரிசு என்று பங்கு போட்டுக் காட்ட முடியாது. ஒரு பொருள் ஒரு பரிசுதான்.

புத்தகங்களுக்கும் சின்னப் பிள்ளைகளின் உடைகளுக்கும் பிரிட்டனில் வாட் விகிதமே பூஜ்யம், இறக்குமதியிலும் அப்படியே. அதனால் குழந்தையின் பட்டுப்பாவாடையைப் பெரியவர்களின் துணியோடு ஒரே வரியில் சேர்த்து எழுதாதீர்கள். எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்பதையும் எழுதினால் நல்லது.

மது, புகையிலை என்றால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் எக்சைஸ் (கலால்) வரி உண்டு. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களும் இறைச்சியும் இந்தியா, இலங்கையிலிருந்து தபாலில் வரவே கூடாது. அது வரி கட்டி மீட்கிற விஷயம் அல்ல, பிடித்தால் போனதுதான். தோட்டத்துக்கு என்று விதைப் பொட்டலம் போட்டு அனுப்புவதும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கூடாது.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனை எல்லா வீட்டிலும் வரும். பொய்யாக எழுதினால் பொருளைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு உரிமை இருக்கிறது. அதைவிடச் சாதாரணமாக நடப்பது ஒன்று: பெட்டி தொலைந்துபோனால் நஷ்டஈடு கேட்கும்போது நீங்கள் எழுதிய 500 ரூபாய்தான் பேசும். 40,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டுப் படிவத்தில் 2,000 என்று எழுதுகிற புத்திசாலிகளும் உண்டு. இரண்டும் ஒரே பெட்டியில்தான் ஒட்டியிருக்கும், படிக்கத் தெரிந்தவர் படிப்பார்.

எல்லாம் மீறி வரி விழுந்தால் ராயல் மெயில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். அதில் உள்ள எண்ணைக் கொண்டு இணையத்தில் கட்டலாம், அல்லது அட்டையில் குறித்திருக்கும் இடத்துக்கு அடையாளச் சான்றோடு போய்க் கட்டி எடுத்துக்கொள்ளலாம். பொதுவாகச் சுமார் 3 வாரம் வைத்திருப்பார்கள், கட்டாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் யாரும் பெட்டி அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். '1.99 பவுண்டு கட்டினால் பார்சல் கிடைக்கும்' என்று வரும் குறுஞ்செய்தி இணைப்புகளைத் தொடவே வேண்டாம். ராயல் மெயிலின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அட்டையில் உள்ள எண்ணைப் போடுங்கள்.

தனியார் கூரியர் வழி வேறு. வரியை முதலில் அவர்களே கட்டிவிட்டு, முன்பணம் போட்டதற்கான கட்டணத்தையும் சேர்த்து நம்மிடம் கேட்பார்கள். சில நேரம் பெட்டி கைக்கு வந்த பிறகு பில் வரும். சின்னப் பரிசுக்கு அந்தக் கட்டணமே வரியைவிட அதிகமாகிவிடும், அதனால் 100 பவுண்டுக்குக் கீழே என்றால் சாதாரணத் தபாலே மேல்.

வரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வரித்தொகை எழுதிய லேபிளும் கஸ்டம்ஸ் படிவமும் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. ராயல் மெயில் அல்லது அதன் பார்சல் பிரிவான பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்தது என்றால் பிஓஆர் 286 படிவம், கூரியர் என்றால் சி285. லேபிள், படிவம், பொருள் வாங்கிய ரசீது, தனித்தனிப் பொட்டலம் தெரியும்படி பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். ரசீதைப் பெட்டிக்குள் போடச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் இந்த நேரத்தில் தேட வேண்டியிருக்காது.