பிளேடால் பிறந்த பாட்டு

ரெக்கார்டிங் தியேட்டரில் உதவியாளராகச் சேர்ந்தபோது என் கையில் முதலில் கொடுத்தது சவர பிளேடு. ஒலிப்பதிவு டேப் சுற்றிய ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, தாளம் விழும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, டேப்பைச் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் 'டக்' என்று கேட்டுவிடும். முதல் வாரமே பல்லவிக்கு முன்னால் பாடகி இழுத்த மூச்சையும் சேர்த்து வெட்டிவிட்டேன். சீனியர் திட்டவில்லை, குப்பைக்கூடையைக் காட்டினார். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அந்த மூச்சு ஒரு சாண் நீளம். கண்டுபிடித்து ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது.

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பம் பற்றிப் பேசுகிறவர்கள், குழுவிலிருந்த ஜான், கிறிஸ்டின் மெக்வீயின் மணமுறிவையும், லின்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்ததையும்தான் சொல்வார்கள். எனக்கு அதில் டேப்தான் கதை.

1976-ல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ஒலிப்பதிவு. கிறிஸ்டின் தொடங்கிய ஒரு பாட்டு சரியாக வரவில்லை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்தார்கள். முன்பகுதியைப் புதிதாக உருவாக்கி அதோடு ஒட்டினார்கள். அதுதான் 'தி செயின்'. மூன்றாம் நிமிடத்தில் எல்லாம் அடங்கி ஜானின் பேஸ் தனியே இறங்குகிறதே, அங்கேதான் பழைய பாட்டின் மிச்சம் உயிரோடிருக்கிறது. ஆல்பத்தில் குழுவின் ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வரும் பாட்டு இது ஒன்றுதான்.

மாதக்கணக்கில் ஓட்டியதில் டேப்பில் ஒலியைத் தாங்கும் ஆக்சைடு பூச்சு உதிர்ந்து, டிரம்ஸின் பளிச்சென்ற மேல்ஓசை மங்கிவிட்டது. நல்லவேளை, அடிப்படைப் பதிவுகளின் இன்னொரு பிரதி அதிகம் ஓடாமல் இருந்தது. ஒரு காதில் தேய்ந்த டேப், மறு காதில் புதுப் பிரதி என்று ஒருவர் உட்கார்ந்து, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து இரண்டையும் இணைய ஓட்டி, பிறகு சேர்த்த குரல்களையும் கிட்டாரையும் புதியதற்கு மாற்றினார். 1977 பிப்ரவரியில் வெளியான ஆல்பம் அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஆசைக்கு நானும் ஒரு ராத்திரி இரண்டு மெஷினில் அப்படி முயன்றேன். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஸ்னேர் டிரம்மின் ஓசை இரண்டாகப் பிரிந்து, ஜட்கா குதிரை மாதிரி 'டடக் டடக்' என்று ஓடியது.