சிலேட்டு நாட்கள்

செப்டம்பர் 26, வியாழன்

மதுரையிலிருந்து வீடு வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதல். தொண்டையில் எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளாகும்.

செப்டம்பர் 27

காரைக்குடியில் நாலு கடை ஏறி இறங்கி, பிளாஸ்டிக் சட்டம் போட்ட சிலேட்டு ஒன்று வாங்கிவந்தாள் தங்கச்சி மகள். "ஃபோன்ல டைப் பண்ணிக் காட்டலாம்ல பெரியம்மா" என்று சிரிக்கிறாள். எனக்குப் பல்பம்தான் சரிப்படும்.

1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராகச் சைக்கிளில் போவேன். பையில் இருபது சிலேட்டு இருக்கும். அரிக்கேன் வெளிச்சத்தில் குவாரிப் பெண்களின் கையைப் பிடித்து முதலில் எழுதவைத்தது பட்டா, படி. கல் உடைத்த விரல்கள் அல்லவா, பிடித்ததும் பல்பம் நொறுங்கிவிடும். அந்தத் துண்டை வைத்தே எழுதுவார்கள்.

இன்று நான் எழுதிய முதல் சொல்: உப்பு. கஞ்சியில் போட மறந்துவிட்டாள்.

செப்டம்பர் 28

தபால் வரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி அனுப்பி இன்றோடு 34 நாள். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் போகிறது, அது புறம்போக்கா பட்டாவா, இவ்வளவுதான் கேட்டேன். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். மனை போட்டவர்கள் கிராவல் அடித்து மேடாக்கியதில் கால் இருந்த தடமே தெரியவில்லை. பெய்கிற மழையெல்லாம் தார் ரோட்டில் ஓடிப் பஸ் ஸ்டாப்பில் தேங்குகிறது. ஊருணிக்கு இருபத்திரண்டு செம்புராங்கல் படி. எண்ணியிருக்கிறேன். போன ஐப்பசியில் நீர் ஏறியது கீழே நாலு படி. சின்ன வயதில் பதினெட்டாம் படியில் உட்கார்ந்து காலை நனைத்திருக்கிறேன், அப்போது தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டுக் குடித்த தண்ணீர்.

யாரிடமாவது கத்த வேண்டும்போல இருக்கிறது.

செப்டம்பர் 30

விழுங்கும்போது உறுத்துகிறது. புண் ஆறுவதா, வேறேதுமா?

அக்டோபர் 1

பரணில் இருந்து என் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். 'மௌனம் ஒரு பயிற்சி' என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். எழுதியவள் கையில் கிடைத்தால் பல்பத்தாலேயே குத்துவேன்.

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடி. ஊருணிக்காக நான் எழுதிய மனுவை வாசிக்கும் வேலையை மேலத்தெருக்காரியிடம் கொடுத்திருந்தேன். சித்தாள் வேலைக்குப் போகிறவள், பன்னிரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறாள். ஊக்குநர் பயிற்சியில் எல்லோரையும் எழுந்து நின்று சத்தமாகப் பேர் சொல்லச் சொல்வேன். இவள் வாயிலிருந்து பேர் வர மூன்று நாள் ஆனது.

எழுந்தாள். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்க தெருக் குழாய்ல அஞ்சு நாளாத் தண்ணி வரல" என்று ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் பேசியிருப்பாள். ஊருணி என்ற சொல்லே வரவில்லை. 'வரத்துக்கால்' என்று சிலேட்டில் அழுத்தி எழுதினேன், பல்பம் கிறீச்சிட்டது. தூக்கிக் காட்டினேன். பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழாய்க்கே திரும்பிப் போனாள்.

தீர்மான நோட்டில் குழாய் ஏறிவிட்டது. ஊருணி இல்லை. ராத்திரி சாப்பிடவில்லை.

அக்டோபர் 3

மேலத்தெருக்காரி வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்தாள். எனக்குத்தான் மிளகாய்த் துவையல் கிடையாதே, வெறும் பணியாரத்தைப் பிட்டுத் தின்றேன்.

"நீங்க பேசியிருந்தா ஊருணியப் பத்தித்தான் பேசியிருப்பீங்க டீச்சரக்கா. எப்பவும் நீங்கதான பேசுறீங்க. ஒரு நாள் எங்கூடக் குடத்தத் தூக்கிட்டு வந்து பாருங்க."

பதில் எழுதப் பல்பத்தை எடுப்பதற்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 4

மணிக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். 'அ' சொல்லிப் பார்த்தேன். வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

அக்டோபர் 5

அவளோடு குடம் தூக்கிப் போனேன். எனக்குக் கொடுத்தது சின்னக் குடம். தெருக் குழாய்க்கு நீர் ஏற்றும் போர்வெல் ஊருணிக் கரையிலேயே இருக்கிறது. ஊருணி காய்ந்தால் போரும் இறங்கத்தானே செய்யும்? இதை நான் மனுவில் எழுதவே இல்லை. மூன்று பக்க மனு அது.

அக்டோபர் 6

குழாய், போர், அப்புறம் வரத்துக்கால். ஒரே பக்கத்தில் முடித்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு இடத்தில் சண்டை.

அக்டோபர் 7

தபால் வந்தது. கேட்ட தகவல் அந்த அலுவலகத்தில் இல்லையாம், வேறொரு அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். மாற்றுவதென்றால் ஐந்து நாளில் மாற்ற வேண்டும். இதைச் சொல்ல நாற்பது நாளுக்கு மேல். மேல்முறையீடு எழுத வேண்டும்.

அக்டோபர் 8

மருத்துவமனையிலிருந்து ஃபோன். தங்கச்சி மகள்தான் எடுத்தாள். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், நேரில் வரச் சொன்னார்கள். "நல்லதாத்தான் இருக்கும் பெரியம்மா" என்கிறாள். நல்லதாக இருந்தால் ஃபோனிலேயே சொல்லியிருப்பார்கள். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களோ என்னவோ.

ராத்திரி நல்ல மழை.

அக்டோபர் 9

மதுரை பஸ் எட்டரைக்கு. அதற்கு முன்னால் ஊருணிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். ஐந்தாம் படி நனைந்திருக்கிறது என்று மேலத்தெருக்காரி வாசலில் நின்று கத்துகிறாள்.