கார்ப்பெட்டுக்கு எடுத்த ஆரத்தி

கார்ப்பெட் கழுவுகிற அண்ணாச்சியிடம் ஒத்தாசைக்கு இருக்கிறேன் என்று சொன்னால் பாளையங்கோட்டையில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வெயில்ல எவம்லே வீட்டுல கார்ப்பெட் விரிச்சிருக்கான்?" என்பதுதான். நியாயமான கேள்வி. கூப்பிடு தூரத்தில் பத்தமடையை வைத்துக்கொண்டு கோரைப்பாயில் படுத்து வளர்ந்த கூட்டம் நாம். ஆனால் கல்யாண மண்டபத்து மேடை, லாட்ஜ் வராந்தா, நகைக்கடை மாடி, ஏசி ஆபீஸ், பள்ளிவாசல் தொழுகை விரிப்பு என்று எண்ணிப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசி அடைமழை வந்தால்தான் கை காயும், கார்ப்பெட் காயாது.

இந்தத் தொழிலில் அழுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. அழுக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்காதது, நுரை மேல் நம் ஜனங்கள் வைத்திருக்கிற பக்தி. மெஷினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பார். "என்னய்யா, நுரையே காணும்? சோப்பு போட்டியளா இல்லையா?"

துணி என்றால் நுரைக்க நுரைக்கத் துவைத்துவிட்டு, நாலு தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடலாம். கார்ப்பெட்டைப் பிழிய எந்த வஸ்தாதுக்கும் தெம்பு கிடையாது. உள்ளே போன சோப்பு இழைக்கடியில் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தபிறகு பிசுபிசுவென்று இருக்கும். நடக்கிறவர்கள் காலில் உள்ள தூசி முழுக்க அதில் ஒட்டும். "கழுவினதுக்கு அப்புறம்தான் சீக்கிரம் கறுக்கு" என்று பலர் புலம்புவது இதனால்தான். அவர்கள் புலம்புவது சரி, குற்றவாளிதான் வேறு.

அதனால் அண்ணாச்சி சோப்பு வாங்குகிற விதமே தனி. சேல்ஸ்மேன் தம்பி கேனைத் திறந்து, "மோந்து பாருங்க அண்ணாச்சி, லாவெண்டர்" என்பான். அண்ணாச்சி மோந்து பார்க்கவே மாட்டார். சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, கண்ணாடித் தட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றி, ராத்திரி முழுக்க ஃபேனுக்கடியில் வைத்துவிடுவார். காலையில் விரலால் தேய்த்துப் பார்ப்பார். விரல் ஒட்டினால் கேன் திரும்பிப் போய்விடும். பொருபொருவென்று உதிர்ந்தால் ஆர்டர். இப்போது வருகிற சில சோப்புகளில் பாலிமர் சேர்த்திருக்கிறார்கள். அது அழுக்கைச் சுற்றிப் பூசிக்கொண்டு, காய்ந்ததும் துகளாகிவிடும். மறுநாள் வேக்குவம் போட்டால் துகளோடு அழுக்கும் வந்துவிடும். நுரை குறைவுதான், வேலை நடக்கும். ஆனால் இதை மண்டபத்து மேனேஜருக்குப் புரியவைப்பதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடும்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, பிஎச் பார்க்கிற தாள், அதாவது ஈரம் பட்டதும் புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டுகிற தாள். இன்னொன்று, கொஞ்சம் வெள்ளைக் கம்பளி நூல். பிஎச் என்ற கணக்கை 1909-இல் டென்மார்க்கில் சோரன்சென் என்பவர் கண்டுபிடித்தது ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். இது தெரிந்த நாளிலிருந்து அண்ணாச்சி எல்லா வீட்டிலும் சொல்கிறார். "நான் அந்தப் பீர்க் கழுதையைத் தொட்டதில்ல சார். ஆனா அவன் கண்டுபிடிச்சதை வச்சுத்தான் கஞ்சி குடிக்கேன்."

கணக்கு சுருக்கமானது. 7 நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, ஆகவே 10 என்பது 7-ஐவிடக் கொஞ்சம்தான் கூட என்று நினைத்தால் அம்போ. மண்டபத்து கார்ப்பெட் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழை. அதற்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் மட்டும் உடும்புப்பிடி பிடிக்கும். நம்மூர் அல்வா நெய்யைக் கிளப்ப 10 பக்கம் காரமான சோப்பைத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுச் சுடுதண்ணீரில் உறிஞ்ச வேண்டும். கடைசி அலசலில் லேசாகப் புளிப்புச் சேர்த்துக் காரத்தை முறித்துவிட வேண்டும். கம்பளிக்கு இந்த வைத்தியம் ஆகாது. கம்பளி நம்ம தலைமுடி ஜாதி, இரண்டுமே கெரட்டின். அதற்கு 7-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் போதும். அந்தக் காலத்தில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார்களே, அது பருத்தி. பருத்தி காரத்தைத் தாங்கும். அதே வெள்ளாவியில் கம்பளியை வைத்தால் வேட்டி போட்ட இடத்தில் கர்ச்சீப்தான் எடுக்கலாம்.

இதெல்லாம் தெரியாத ஆள் என்று சொல்ல முடியாத ஒருவர் வீட்டில்தான் அந்தக் கூத்து நடந்தது. மகாராஜநகரில் ரிட்டயர்டான பேங்க் மேனேஜர். மகன் ராணுவத்தில் இருக்கிறார், ஸ்ரீநகரிலிருந்து வாங்கி அனுப்பிய கம்பளி விரிப்பு. மருமகளுக்கு வளைகாப்பு. பந்தி அதே ஹாலில். சாம்பார் வாளிக்கும் விரிப்பின் குஞ்சத்துக்கும் நடுவில் ஒரு கால் மாட்டியதில் வாளி கவிழ்ந்துவிட்டது.

மறுநாள் போன். "கறை மஞ்சளா இருந்தது, இப்போ ரத்தச் சிவப்பா ஆயிட்டு. உடனே வாங்க."

போய்ப் பார்த்தோம். விரிப்பின் நடுவில் சுளகு அகலத்துக்குச் சிவப்பு. சார் முகமும் ஏறக்குறைய அதே நிறத்தில்தான் இருந்தது.

"என்ன போட்டிய சார்?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் போடல. தண்ணி தொட்டுத் தொடச்சேன்."

அண்ணாச்சி குனிந்து ஈரத்தில் தாளை ஒற்றி எடுத்தார். நல்ல நீலம். 10-க்கு மேலே. தாளைச் சாருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. பேங்க் மேனேஜருக்கு வவுச்சரைக் காட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அடுக்களையிலிருந்து சார் வீட்டம்மாவின் குரல் வந்தது. "நேத்து வாங்கின வாஷிங் பவுடர் பாக்கெட்டைக் காணுமே, பாத்தியளா?"

"லேசாத்தான் தூவினேன்" என்றார் சார்.

"ஒரு கிலோ பாக்கெட்டு!"

"கூட கொஞ்சம் சோடா உப்பு" என்று சார் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி விளக்க ஆரம்பித்தார். திண்ணைப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆச்சியிடம், அதாவது சாருடைய அம்மாவிடம், வெத்தலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கினார். தட்டில் மஞ்சள்பொடியைத் தண்ணீரில் கரைத்தார். சுண்ணாம்பை விரலால் அதில் தொட்டதும் தட்டு சிவப்பாகிவிட்டது. "மஞ்சள்ல உள்ள சாயம் காரம் பட்டா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஆச்சி கையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏல, நிறுத்து. இது ஆரத்தில்லா? கோட்டிக்காரப் பய! வயித்துப்பிள்ளைக்காரிக்குச் சுத்துத ஆரத்தியைக் கார்ப்பெட்டுக்குச் சுத்தி வச்சிருக்கான். பேங்க்ல எப்படிலே உன் கையில சாவியைக் கொடுத்தாவ?"

வளைகாப்புக்கு வந்து தங்கியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் ஹாலுக்கு வந்துவிட்டது. ஆச்சி விடுவதாக இல்லை. "நாங்க பட்டுச்சேலையைப் பூந்திக்கொட்டையில அலசுவோம். தலைக்குச் சீயக்காய். கம்பளியும் மயிருதானல? அதுக்குப் போயி சோடா உப்பைக் கொட்டுவாளா ஒருத்தி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "கேட்டுக்கோல. நம்ம கேன்ல இங்கிலீஷ்ல எழுதியிருக்கது பூராவும் ஆச்சி சொல்லிட்டா" என்றார். சீயக்காயும் லேசான புளிப்புதான், கம்பளிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் பொடி உள்ளே மாட்டிக்கொள்ளும், தன் நிறத்தையும் விட்டுவிட்டுப் போகும். ஆச்சியிடம் இதைச் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை.

முதலில் சோபாவுக்கடியில் மறைந்திருந்த மூலையில் கொஞ்சம் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தோம். விரிப்பின் சொந்தச் சாயம் துணியில் இறங்கவில்லை. பிறகு வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து சிவப்பின் மேல் தெளித்தோம். கண்ணெதிரில் சிவப்பு மஞ்சளாக மாறியது. கூட்டம் "ஓ" என்றது. சாருடைய பேரன், "தாத்தா, மறுபடி பவுடர் போடட்டா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

அடுத்து மெஷின். பைப்பில் போர் தண்ணீர்தான் வரும் என்றார்கள். உப்புத் தண்ணீரில் எந்தச் சோப்பும் சோம்பேறிதான், காய்ந்தால் வெள்ளைப் பூச்சும் விடும். நல்லவேளை, தொட்டியில் தாமிரபரணித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். மெஷினில் சோப்பே ஊற்றாமல், வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைத் தெளித்து உறிஞ்ச ஆரம்பித்தார் அண்ணாச்சி. நான் கழிவுத் தொட்டியின் கண்ணாடி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இழுப்பிலேயே நுரை. அடுத்த இழுப்பில் தொட்டி பாதி. வெள்ளை வெளேரென்று, விளம்பரத்தில்கூட அப்படி ஒரு நுரை வராது. சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்து, "இப்பம்தான் சோப்பு வேலை செய்யுது! எப்படிப் பவர் பாத்தியளா?" என்றார்.

"அது உங்க பவுடரு சார்" என்றார் அண்ணாச்சி. "நான் இன்னும் ஒரு சொட்டு ஊத்தல."

நுரை மூடி வரைக்கும் ஏறியது. இன்னும் ஏறினால் மோட்டாருக்குள் போய்விடும், போனால் அந்த மாதச் சம்பாத்தியம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக்குக்கு. மெஷினை நிறுத்தி, நுரையை அடக்குகிற மருந்தைத் தொட்டியில் கொஞ்சம் விட்டோம். சிலிக்கோன் சேர்ந்த பால் நிறத் திரவம். நாலைந்து சொட்டிலேயே நுரை 'சொய்ங்' என்று அடங்கிவிடும். மறுபடி இழுத்தோம், மறுபடி நுரை, மறுபடி மருந்து. சார் லேசாகத் தூவிய ஒரு கிலோவும் இழைக்கு இழை உட்கார்ந்திருந்தது. கழிவுத் தண்ணீர் நுரையில்லாமல் வர மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் கம்பளிக்கான சோப்பு, அளவாக. பிறகு புளிப்பு அலசல்.

இவ்வளவுக்கும் பிறகு வெளிறிய மஞ்சள் ஒரு திட்டு நின்றது. சாருக்குப் பொறுக்கவில்லை. "பாத்ரூம்ல பிளீச் இருக்கு, ஒரு தொடு தொட்டா?"

அண்ணாச்சி முதல் வேலையாக வினிகர் பாட்டிலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை. பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் பிளீச்சை ஊற்றச் சொல்லி, சட்டைப்பையில் இருந்த கம்பளி நூலில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டார். "டீ குடிப்போம் சார்." டீ போட்டு, குடித்து, ஆச்சி பழைய கதை ஒன்று சொல்லி முடித்தபோது டம்ளரில் நூல் கொழகொழத்து, பிறகு இருந்த இடமே தெரியவில்லை. சார் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதற்கப்புறம் பிளீச் என்ற வார்த்தை அந்த வீட்டில் எழவில்லை.

மஞ்சள் சாயத்துக்கு எமன் வெயில். வெயிலுக்கா நமக்குப் பஞ்சம்? விரிப்பு முக்கால்வாசி உலர்ந்ததும் மொட்டைமாடியில் போட்டு, திட்டு இருந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்ற நிறமெல்லாம் வெளுத்துவிடாதபடி சாருடைய வேட்டிகளால் மூடினோம். "என் வேட்டி வெளுத்தா பரவால்லையா?" என்றார் சார். "வேட்டி வெள்ளைதானல" என்றாள் ஆச்சி.

பில் எழுதும்போது சார் பழைய மேனேஜராகிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தார். சோப்பு என்று இருந்த வரியில் விரலை வைத்தார்.

"வந்த நுரை பூரா என் பவுடர்னு நீங்களே எல்லாரும் கேக்கச் சொன்னிய. தண்ணியும் என் தண்ணி. அப்போ சோப்புக் காசைக் கழிக்கணும்லா?"

அண்ணாச்சி கொஞ்சநேரம் பில்லையே பார்த்தார். "நியாயம்தான் சார். கழிச்சிருதேன்" என்று அந்த வரியை அடித்தார். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினார்: நுரையை அடக்கிய மருந்து.

கூட்டிப் பார்த்தபோது முன்னைவிட அறுபது ரூபாய் கூட வந்தது. சார் கொடுத்துவிட்டார். கணக்கு டேலி ஆகிவிட்டதே, அவரால் வேறென்ன செய்ய முடியும்?