கொய்யாத் துண்டில் கோழி புகைபோட்டது: மூன்று சுற்றுக் குறிப்பு

முதல் சுற்று. மாரி ஓய்ந்தபின் மாசியில் வெட்டிய கொய்யாக் கிளை, மூன்று கிழமை வெயில். தொட்டால் காய்ந்ததுதான். சிரட்டைக்கரித் தணலில் வைத்ததும் வெட்டுமுகத்தில் நுரை தள்ளியது, வெள்ளைப் புகை திரண்டது. கோழித்தோல் கறுத்து ஒரே கசப்பு. பழி கொய்யாவில் இல்லை. உள்ளிருக்கும் நீரைக் கொதிக்கவைப்பதிலேயே சூடு செலவாகி, மரம் அரைகுறையாக எரிந்து, தாரும் கரியும் இறைச்சியில் படிகிறது.

இரண்டாம் சுற்று. நீரில் ஊறவைத்தால் மெல்லப் புகையும் என்பார்களே, அதையும் பார்த்தாயிற்று. ஓர் இரவு ஊறிய துண்டைப் பிளந்தால் ஈரம் சில மில்லிமீற்றர்தான் இறங்கியிருக்கிறது. முதலில் வருவது நீராவி, பிறகு அதே வெள்ளைப் புகை. வீண் வேலை.

மூன்றாம் சுற்று. கிளையை ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் துண்டுகளாக அறுத்துப் பிளந்து, செங்கல்மேல் பலகை போட்டு, கூரை உண்டு, பக்கம் திறந்த இடத்தில் அடுக்கியது. வறண்ட கச்சான் காற்று பாதி வேலையைச் செய்துவிடும். பொலித்தீன் சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சணம்தான். பூத்ததையும் உழுத்ததையும் அடுப்புக்கு விடலாம், புகைக்கு வேண்டாம். நுனி வெடிப்பது பரவாயில்லை.

ஈரம் பார்க்க: 100 கிராம் துண்டொன்றைச் சீவலாக்கி, அவணில் 105 பாகை செல்சியஸில் எடை இறங்காத மட்டும் வையுங்கள். 85 கிராமில் நின்றால் ஈரம் 15 வீதம். 15 முதல் 20 வீதம் நல்லது. கொய்யா ஆடிக்குள் அங்கே வந்துவிட்டது.

ஒரு முழுக் கோழிக்கு மூன்று துண்டு, புகைபோடும் பீப்பாயின் உள்ளே 110 முதல் 120 பாகை. துண்டை ஒரேயடியாகப் போடாமல் ஒவ்வொன்றாக. புகை மெல்லிய நீலமாக வரவேண்டும். தோல் ஈரமாக இருக்கும் ஆரம்பத்தில்தான் மணம் அதிகம் பிடிக்கும். தடித்த இடத்தில் உட்சூடு 74 பாகை ஆனதும் இறக்கலாம். பாரை மீனுக்கு ஒரு துண்டே போதும்.

மாவிறகும் சரி, பட்டையில் பாசி இருந்தால் உரித்துவிடுங்கள். வேம்பு கசக்கும். அலரி நஞ்சு, கிட்டவும் வேண்டாம். வர்ணம் பூசிய பழைய தோணிப் பலகையும் ஆகாது. வாவியோரக் கண்டலை வெட்டுவது சட்டப்படி குற்றம். அதிலும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.